எல்லைச் சாவடிக்கு முன்னால்

"ஏங்க, அது பையா, இல்ல ஊட்டையே முதுகுல கட்டிக்கினு வந்துட்டீங்களா? எங்கப்பா மூஞ்சியில இடிக்குது… கண்ணு தெரியல?"

அற்புதமேரி இப்படி வெடுக்கென்று பேசுகிற பெண்ணே இல்லை. ஆனால் பெங்களூர் ஆசுபத்திரியில் பெரிய டாக்டர் அப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடும்மா, சொந்தக்காரங்க முகத்தைப் பார்க்கட்டும்" என்று சொல்லி அரை நாள்கூட ஆகவில்லை. கொட்டுகிற மழையில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்து திருவண்ணாமலை பஸ்ஸில் ஏற்றுவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது. பஸ்ஸா அது? கோழிக்கூடை, வெங்காய மூட்டை, இரும்பு வாளி, வீல் வீலென்று அழுகிற குழந்தைகள்… போதாததற்குக் கண்டக்டர் முனிவேல், "ஹத்ரீ ஹத்ரீ… முந்தக்கே ஹோக்ரீ… உள்ள போங்கண்ணா, உள்ளதான் மைதானமாட்டம் இடம் கெடக்குதே!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தி, மூச்சுவிட இடமில்லாத இடத்தில் இன்னும் ஆட்களைத் திணித்துக்கொண்டிருந்தான்.

திட்டு வாங்கியவன் திரும்பினான். நெடுநெடுவென்ற வாலிபன். முதுகில் பட்டாளத்துக்காரர்கள் சுமக்கிற மாதிரி பச்சைக் கித்தான் பை. நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து மழைநீர் சொட்டியது. அந்தக் கண்கள்… திட்டிய பிறகும் கோபமே வராத கண்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"மன்னிச்சுக்குங்க. பையை எங்க வைக்கிறதுன்னு தெரியல லா…"

"லாவா? அதென்ன லா?"

"எங்க ஊர்ப் பேச்சுங்க. மலாயா. ஈப்போ பக்கம் ரப்பர்த் தோட்டம். பேரு ஐசக்."

"பேரை யாரு கேட்டாங்க?"

இருவருக்கும் நடுவில் ஒரு மெலிந்த சிரிப்புக் கேட்டது. அப்பாதான். இன்னாசிமுத்து உபதேசியார். "கோவிச்சுக்காத அற்புதம்… புள்ள நனைஞ்சு நிக்கறான். நகந்து குடு, ஒக்காரட்டும்."

மூன்று பேர் உட்காரும் சீட்டில் அதுவரை அப்பா சாய்ந்து கிடந்தார். மழை உள்ளே அடிக்காமல் தடுக்க அவள் ஜன்னல் படுதாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நடுவில் அப்பா. நடைவழி ஓரத்தில் இப்போது அவன். படுதாவின் கிழிசல் வழியாக வந்த சாரல் அவள் தோளை நனைத்தது, அப்பாவை நனைக்கவில்லை. அது போதும் அவளுக்கு.

பஸ் கிளம்பியது. அம்மா செத்த வருஷம் வாங்கிய துப்பட்டிக்குள் அப்பா வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். ஐசக் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தான். உள்ளே கந்தைத் துணிக்குள் ஒரு சின்ன பிராந்திப் புட்டி.

"ஒரு மூடி குடுத்தா நடுக்கம் நிக்குங்க…"

அவ்வளவுதான்! அற்புதத்துக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறிவிட்டது. "யாருகிட்ட எதை நீட்டறீங்க? எங்கப்பா யாருன்னு தெரியுமா? ஊர்ல இருக்கற குடிகாரனுங்களை எல்லாம் சாராயத்தை உடவெச்சவரு! உள்ள வெய்யுங்க அதை!"

பெருமைதான். அந்தப் பெருமையைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது? சிங்காரப்பேட்டையில் இறங்கிக் காட்டு வழியாகப் போனால் சவேரியார்பாளையம். அங்கே குடியை விட நினைக்கிறவன் கோயில் படியில் முழங்கால் போட்டு, உபதேசியார் கழுத்தில் தொங்கும் சிலுவையை, பாடுபட்ட சுரூபத்தைத் தொட்டுச் சத்தியம் செய்வான். அப்படிச் செய்தவர்களுக்கு ஊரில் சத்தியக்காரர்கள் என்று பெயர். அவர்களில் ஒருவன் செத்தால் மற்றவர்கள்தான் பெட்டியைத் தூக்க வேண்டும், அன்னியன் தோள் கொடுக்கக் கூடாது. அது அந்த ஊர் முறை.

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "எனக்கு வேணாம்ப்பா. உனக்கும் வேணாம். எங்க ஊருக்கு வா… உன்கிட்டயும் ஒரு சத்தியம் வாங்கிக்கறேன்" என்றார். சிரித்தார். அப்படியே கண்ணை மூடினார்.

சந்தாபுரம் தாண்டியதும் பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. முன் சீட்டு வெங்கடம்மாளின் கூடை கவிழ்ந்து, கோழி பறந்து டிரைவர் தலைமேல் போய் உட்கார, "ஐயோ, நா கோடி! நா கோடி!" என்று அவள் தன் கோழிக்காகத் தெலுங்கில் அலற, டிரைவர் கன்னடத்தில் அவள் பரம்பரையையே இழுத்துத் திட்ட, பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அந்தக் களேபரத்தில் அப்பாவின் தலை சரிந்து ஐசக்கின் தோளில் சாய்ந்தது. அவன் திரும்பி அந்த முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துப்பட்டியை இழுத்து அவர் கைகள் வரைக்கும் போர்த்தினான்.

"இப்படிக் குடுங்க, நான் என் பக்கம் சாய்ச்சுக்கறேன்" என்றாள் அவள்.

"வேணாங்க… தூங்கட்டும். எனக்கு ஒண்ணும் பாரமில்ல." கொஞ்சம் பொறுத்து, "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டான்.

"என்னது?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். நாங்க அப்படித்தான் கேப்போம்."

"எங்க பசியை நாங்களே ஆத்திக்குவோம்" என்றாள் வெடுக்கென்று. ஆனால் உதட்டோரம் அவளை மீறிக்கொண்டு துடித்தது. அதை அவன் பார்த்துவிட்டான். பாவி, பார்த்துவிட்டான்!

அதற்குப் பிறகு அவன் பேச்சை நிறுத்தவே இல்லை. விடியுமுன் ரப்பர்ப் பால் மரம் சீவப் போவதை, தன் அம்மா செத்த பிறகு இருந்த வேலையை உதறிவிட்டுக் கப்பலேறியதை, பையை மாட்டிக்கொண்டு கால் போன போக்கில் சுற்றுவதை… கேள்வியும் கேட்டான். ஊர் எங்கே, கோயில் எப்படி, என்ன படித்தீர்கள். அவளும் பதில் சொன்னாள். நடு நடுவே, "இல்லப்பா? அப்பா, கேக்கறீங்களா?" என்று தூங்குகிறவரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டாள். ஒரு தடவை… ஆசுபத்திரித் தரையில் கிடந்த நாளெல்லாம் மறந்துபோயிருந்த சிரிப்பு ஒரு தடவை வந்தே விட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவை இப்படி வைத்துக்கொண்டு சிரிப்பா? அவன் கண்களில் மட்டும் சிரிப்பே இல்லை. அதை அவள் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

அத்திப்பள்ளியில் பஸ் நின்றது. கூஜாவைத் திறந்தாள். "அப்பா, ஒரு வாய் தண்ணி…"

"தூங்குறவரை எழுப்ப வேணாங்க" என்றான் அவன் அவசரமாக.

"மாத்திரை குடுக்கணும். நீங்க சும்மா இருங்க."

தண்ணீர் உள்ளே போகவில்லை. உதட்டோரமாக வழிந்து தாடையில் இறங்கியது. அவள் துடைத்தாள். மறுபடி ஊற்றினாள். மறுபடியும் வழிந்தது. துப்பட்டிக்குள் கையை விட்டு அப்பாவின் கையைப் பிடித்தாள். மழையில் நனைந்த அவள் கையைவிட அது குளிர்ந்திருந்தது.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கண்கள் நிறைந்து நின்றன.

"சத்தம் போடாதீங்க" என்றான் மிக மெதுவாக. "போட்டா இங்கேயே இறக்கிடுவாங்க."

நிஜம்தான். பிணத்தை எந்தக் கண்டக்டர் ஏற்றிச் செல்வான்? வேறு ராஜ்யத்து ரோட்டோரத்தில், மழையில், அப்பாவைக் கிடத்திக்கொண்டு ஒற்றைப் பெண்ணாக அவள் யாரிடம் போவாள்? கார் வைக்கக் காசுக்கு எங்கே போவாள்? அம்மாவுக்குப் பக்கத்துக் குழி என்று அப்பா எப்போதோ சொல்லி வைத்திருந்தார். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாக வேண்டும். முந்தானையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். அழக்கூட முடியாத சாவு யாருக்கும் வேண்டாம், ஐயா!

பஸ் நகர்ந்தது. எல்லைச் சாவடி வந்தது.

அது அறுபத்தெட்டாம் வருஷம். மைசூர் ராஜ்யத்தில் தாராளமாகக் கிடைக்கிற சரக்கு எல்லை தாண்டி, மதுவிலக்கு உள்ள நம் பக்கம் வந்துவிட்டால் குற்றம். புட்டியில் வந்தாலும் குற்றம், வயிற்றில் வந்தாலும் குற்றம். போலீஸ்காரர் ஏறி, ஆண்களை ஒவ்வொருவராக "ஊது… நல்லா ஊது" என்று வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"யாருய்யா இந்த ஆளு? எழுப்பு."

"ஏறும்போதே தள்ளாடிக்கினுதான் சார் ஏறினாரு" என்றான் முனிவேல். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்குத் தோன்றியதைச் சொன்னான். "இந்தக் கெழடுங்களுக்கு எல்லை தாண்டினாத்தான் சார் சந்தோசம்."

பஸ் சிரித்தது. அப்பா சீக்காளி என்று சொல்ல அற்புதம் வாயெடுத்தாள். சத்தம் வரவில்லை. போலீஸ்காரர் குனிந்தார். அப்பாவின் முகத்துக்கும் அவர் முகத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி…

சிலீர்!

ஐசக் பையிலிருந்து உருவிய புட்டி சீட்டுக் கம்பியில் மோதி உடைந்தது. பிராந்தி அவன் சட்டையிலும் தரையிலும் சிதறியது. பஸ் முழுக்க நெடி அடித்தது. "என்னுதுதான் சார்! அந்தக் கிழவரை ஏன் மோந்து பாக்குறீங்க? என்னை மோந்து பாருங்க!" என்று அவன் எழுந்து தள்ளாடினான். அந்தத் தள்ளாட்டத்திலும் ஒரு கை பின்னால் நீண்டு அப்பாவின் தலையை மெதுவாக அவள் தோளுக்கு மாற்றிவிட்டது. அடுத்த நொடி போலீஸ்காரர் அவன் சட்டையைப் பிடித்து ஓங்கி ஒன்று வைத்தார்.

"இவன் உங்ககூட வந்தவனாம்மா?"

அற்புதம் அப்பாவை இறுக அணைத்துக்கொண்டாள். "இல்லீங்க… யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

சொன்ன மாத்திரத்தில் நெஞ்சு வெடித்தது. அவனோ, உதட்டில் ரத்தத்தோடு அவளைப் பார்த்து, அதுதான் சரி என்பதுபோல லேசாகத் தலையாட்டினான். பையோடு அவனை இறக்கினார்கள். படுதாக் கிழிசல் வழியாகப் பார்த்தாள். மழையில் அவனை நெட்டித் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

ஓசூர் போயிற்று. சூளகிரியில் இறங்கும்போது வெங்கடம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "தூ! சாகப்போற வயசுல இந்தக் குடியா? பொண்ணு முகத்தைப் பாத்தாவது உடக்கூடாதா?" என்றாள். அப்போதுதான் அற்புதம் குனிந்து பார்த்தாள். அப்பாவின் வேட்டி முழங்கால் வரை பிராந்தியில் நனைந்திருந்தது. வாழ்நாளெல்லாம் எதை விரோதியாக நினைத்தாரோ, அந்த நெடியிலேயே அவர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார். கிருஷ்ணகிரி தாண்டியது, ஊத்தங்கரை தாண்டியது. அவள் அழவில்லை. அழுதால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சிங்காரப்பேட்டையில் இருட்டுகிற நேரம். முனிவேல் டீக்கடையில் நின்றவர்களைக் கூப்பிட்டான். "உங்க ஊரு பெரியவரு நல்லா ஏத்திக்கினு கெடக்கறாரு. கை குடுங்கப்பா." ஓடி வந்தது சவேரியார்பாளையத்துப் பிரகாசம். ஒரு காலத்தில் சாக்கடையில் கிடந்தவன், அப்பா தூக்கி உட்கார வைத்தவன், சத்தியக்காரர்களுக்குத் தலைவன். தூக்கினான். நெடியை மோந்தான். உயிரில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே… அவள் வாயைத் திறக்கவில்லை. உள்ளதைச் சொன்னால் போலீஸ் வரும், பிணத்தை ஒளித்துக் கொண்டுவந்த கேஸ் ஆகும், அடிபட்டுக் கிடக்கிற அவனையும் அதில் இழுப்பார்கள். அப்படி நினைத்துத்தான் பேசாமல் இருந்தாள்.

மறுநாள் காலை. பெட்டி தயார். குழி தயார். தூக்கத்தான் ஆளில்லை.

சத்தியக்காரர்கள் கோயில் வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "நாங்க தூக்க மாட்டம்மா" என்றான் பிரகாசம். "எத்தினி வருசம்… பொண்டாட்டி செத்த அன்னிக்குக்கூட நான் தொடல. அவருகிட்ட குடுத்த வாக்குன்னு தொடல. அவரு என்னடான்னா பெங்களூர் போயிக் குடிச்சிட்டு… அப்ப எங்க சத்தியம் என்ன சத்தியம்? நேத்தே ரெண்டு பேரு சாராயத்துக்குக் கெளம்பிட்டானுங்க."

அந்த நேரத்தில்தான் காட்டுப் பாதையில் பச்சைப் பை தெரிந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. ராத்திரி முழுக்க வைத்திருந்து, விடிந்ததும் அபராதம் வாங்கிக்கொண்டு விட்டிருக்கிறார்கள். லாரி பிடித்து வந்திருக்கிறான்.

அவனைப் பார்த்ததும் அவளுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழவேண்டும்போல் இருந்தது. வாயில் வந்ததோ வேறு. "எதுக்கு வந்தீங்க? உங்க புட்டியாலதான் எங்கப்பாவைத் தூக்க ஆளில்லாம கெடக்கறாரு! பாத்துட்டுப் போங்க!"

அவன் பெட்டியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். விஷயம் புரிய அதிக நேரம் ஆகவில்லை. நேரே வேப்பமரத்தடிக்குப் போனான். "ஐயா, அது என் புட்டி. நான்தான் உடைச்சேன். அவர் மேல சிந்திருச்சு. அவர் வாயில ஒரு சொட்டுப் படல."

"நீ யாருடா?"

"பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்தேன்."

"சரிதான்! குடிகாரனுக்குக் குடிகாரன் சாச்சி!" யாரோ காறித் துப்பினார்கள். "போடா, இன்னொரு கண்ணும் வீங்கறதுக்குள்ள போ."

அவன் போகவில்லை. திரும்பி வந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தான். தனியாக எப்படித் தூக்குவான், பைத்தியக்காரன்!

அற்புதத்துக்குள் ஏதோ அறுந்தது. இந்த வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம் ஆகாத பெண். பிணத்தை மறைத்தவள் என்பார்கள். ஊர் பேர் தெரியாதவனோடு கூட்டுச் சேர்ந்தவள் என்பார்கள். இனி ஒருத்தனும் பெண் கேட்டு வரமாட்டான். என்னவோ ஆகட்டும்!

"பிரகாசண்ணா!" என்று கூப்பிட்டாள். "எங்கப்பா குடிக்கல. குடிக்கறதுக்கு அவரு உசுரோடயே இல்ல. எல்லைச் சாவடிக்கு முன்னாலயே போயிட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மறைச்சேன். வழியில இறக்கி உட்ருவாங்கன்னு மறைச்சேன். இவரு தோள்ல எங்கப்பா பொணமா சாஞ்சிருந்தாரு. நான் பக்கத்துலயே உக்காந்து சிரிச்சுப் பேசிக்கினு வந்தேன். போலீஸு மோந்து பாக்கறப்ப, அவருக்குப் பதிலா இவரு போயி அடி வாங்கினாரு. போலீஸு கேட்டப்ப, இவரை யாருன்னே தெரியாதுன்னு சொன்னேன். நேத்து ராத்திரி உங்க முன்னாலயும் வாயை மூடிக்கினு இருந்தேன். இவருக்காகன்னு நெனைச்சேன்… இல்லண்ணா, என் மானத்துக்காகத்தான். என்னை என்ன வேணா சொல்லுங்க. எங்கப்பாவைச் சொல்லாதீங்க."

பெண்கள் கூட்டத்தில் யாரோ "அடிப் பாவி" என்று முணுமுணுத்தாள். பிரகாசம் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"முட்டி மடங்கினபடியே வெறச்சிருந்துச்சு" என்றான் மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "சுடுதண்ணி ஊத்தித்தான் காலை நீட்டினோம். அப்பத்தான் செத்தவருக்கு எப்படி வெறைக்கும்னு எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. நெடி வந்துச்சா, அதோட புத்தியை மூடிக்கினேன்." தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே வந்து பெட்டியைப் பிடித்தான். மற்றவர்களும் வந்தார்கள். பஸ்ஸில் அவள் சொல்லியிருந்த முறை நினைவுக்கு வர, ஐசக் ஒதுங்கி நின்றான். "நீயும் புடிப்பா" என்றான் பிரகாசம்.

அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

எல்லோரும் மண் போட்டுக் கலைந்தார்கள். போகிறபோதே பெண்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் அவன் மட்டும் நின்றான். பை முதுகில் ஏறியிருந்தது.

"கப்பல் நாகப்பட்டணத்துல நிக்குது. நாளைக்குள்ள போய்ச் சேரணும்" என்றான். பிறகும் நகரவில்லை. "ஒண்ணு சொல்லணுங்க. சொன்னா என்னை மன்னிப்பீங்களான்னு தெரியல. அவர் போனது… உங்களுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். அந்தக் கோழி பறந்துச்சே, அப்பவே. தலை சாஞ்ச உடனே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறமும் பேசினீங்களே… என்னைச் சிரிக்க வெச்சீங்களே…"

"நீங்க அவரை அப்பா, அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே வந்தீங்க. சொல்லிட்டா அப்புறம் கூப்பிட அப்பா இருக்க மாட்டாரே. இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிடட்டும்… இன்னும் ஒரு மைல் கூப்பிடட்டும்னு… எங்கம்மா செத்தப்ப நான் பக்கத்துல இல்லைங்க. என் தோள்ல அவர் பாரம் ஏற ஏற, உங்க முகத்தைப் பாக்கப் பாக்க… இந்தப் பொண்ணை விட்டுட்டு எங்கேயும் போகக் கூடாதுன்னு தோணிச்சு. சாவு நடுவுல இப்படி ஒரு நெனப்பு வந்ததுக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஆனா வந்துருச்சு."

மழை மறுபடி தூற ஆரம்பித்தது. புது மண்ணில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. முந்தானையைக் கடிக்கவில்லை, வாயைப் பொத்தவில்லை, ஓவென்று அழுதாள். அவன் தொடவில்லை. பக்கத்தில் நின்றான்.

அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நேராக அவன் கண்களைப் பார்த்தாள். வீங்கிய கண்ணையும் சேர்த்து.

"எங்கப்பா போயிட்டாருன்னு எங்கிட்ட சொல்ல உங்களுக்கு மனசு வரல. நீங்க போறதை மட்டும் சொல்ல எப்படிங்க மனசு வந்துச்சு?"

அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கும்தான் வெக்கமா இருக்குது. இருந்தாலும் சொல்லிடறேன். உங்களை இறக்கி உட்டுட்டு பஸ்ஸு கெளம்பினப்ப, எங்கப்பா மட்டும் போனமாதிரி இல்லைங்க எனக்கு. போகாதீங்க."

ஐசக் பையை மெதுவாகக் கழற்றி, ஈர மண்ணில் இறக்கி வைத்தான்.